திருகோணமலைக் கிணற்றுத் தண்ணீரில் ராம் மீன் ஏன் நிலைப்பதில்லை?

திருகோணமலை உவர்மலையில் உங்கள் வீடு. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த இரண்டு சோடி எலக்ட்ரிக் புளூ ராம் மீன்களில் மூன்று, மூன்று கிழமைக்குள் செத்துவிட்டன. ஒன்று மட்டும் மூலையில் நிற்கிறது. "எங்கள் ஊர் வெக்கையைத் தாங்கக்கூடிய, நல்ல நிறமுள்ள குள்ளச் சிக்லிட் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராம் மீன் சேர்ந்த குடும்பத்தின் பெயர்தான் சிக்லிட்; அதில் சின்ன உருவமுள்ளவை குள்ளச் சிக்லிட்டுகள். கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். அடுத்து எதை வாங்குவது என்பதை விட, இவை ஏன் செத்தன என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிறது என்று நினைக்கிறேன். அது தெரியாமல் வாங்கினால் அடுத்த சோடிக்கும் இதே கதிதான். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிட்டு மீன் தெரிவுக்கு வருகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்த ஆள். ஏறக்குறைய அதே காலமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன்; அதில் பாதிக்கு மேல் இந்தக் குள்ளச் சிக்லிட்டுகள்தான். தண்ணீரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நோய்களைப் பற்றிச் சொல்வது வீட்டு அனுபவம் மட்டுமே, மீன் வைத்தியம் படித்தவன் அல்ல. உங்கள் கிணற்றையும் நான் பார்த்ததில்லை. அதனால் கீழே சொல்லும் இரண்டு சின்னச் சோதனைகளை நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

வெக்கையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். ராம் மீன் விடயத்தில் அது பிழை. அந்த மீனின் சொந்த ஊர் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோக்கோ ஆற்றை ஒட்டிய புல்வெளிச் சமவெளிகள். மர நிழல் இல்லாத, ஆழம் குறைந்த, வெயிலில் சூடேறும் தண்ணீர். மைக்ரோஜியோபேகஸ் ராமிரெசி என்ற அந்த மீனை 1948இல்தான் விஞ்ஞானிகள் பெயரிட்டு விவரித்தார்கள். 27 முதல் 30 பாகை வரை அதற்குச் சுகமான வெப்பநிலை. குளிர் நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் ஹீற்றருக்கு மின்கட்டணம் கட்டி அந்தச் சூட்டை உண்டாக்குகிறார்கள். நமக்கு அது சும்மா கிடைக்கிறது. எலக்ட்ரிக் புளூ என்பதும் அதே மீனிலிருந்து பண்ணைகளில் தெரிந்தெடுத்து வளர்த்த நிற வகைதான். நிறம் கூடியிருக்கும், உடல்வலு குறைந்திருக்கும்.

அந்த மீனுக்கு ஒவ்வாதது நம் கிணறு. ஒரினோக்கோச் சமவெளித் தண்ணீர் மழைநீரைப் போல மென்மையானது, சற்று அமிலத்தன்மை உள்ளது. திருகோணமலையில் கரையோரக் கிணறுகள் பெரும்பாலும் வன்னீர், அதாவது கல்சியம் போன்ற உப்புகள் அதிகம் கரைந்த தண்ணீர். கோடையில் உவரும் ஏறும். அளக்கும் கருவி வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாய், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாய் வரும் படை இருக்கிறதா? அதுதான் கல்சியம் காபனேற்று. தற்காலிக வன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: தண்ணீர் கொதிக்கும்போது கரைந்திருந்த இருகாபனேற்று உடைந்து அந்தப் படையாய் இறங்கிவிடும். கேத்தலில் படை தடிப்பாக இருந்தால் அந்தக் கிணற்றில் ராம் நிலைப்பது கஷ்டம். என் வீட்டுக் கிணற்றை அளந்தபோது ஜேர்மன் அளவில் 16 பாகை வன்மை வந்தது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் குழாயில் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்று அடித்து வைத்தோ சோடியம் தயோசல்பேற்று போட்டோதான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும்.

இரண்டாவது சோதனைக்குத் தேசிக்காய் போதும். தொட்டிக்குள் போட்டிருக்கும் மணலில் ஒரு பிடி, கல்லில் ஒன்று வெளியே எடுத்துக் காயவிட்டு, அதன்மேல் தேசிக்காய்ப் புளி பிழியுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு; தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வன்மையைக் கூட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும் தவறு. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பொறுக்கிய சங்கு, சிப்பி, வெள்ளைப் பவளத் துண்டுகளை அழகுக்காகத் தொட்டியில் வைக்கிறோம். என் முதல் ராம் சோடியை நான் கொன்றது அப்படித்தான். கடற்கரை மணல், நடுவில் ஒரு பெரிய பவளத் துண்டு, அதற்கு மேல் கிணற்றுத் தண்ணீர். நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது என்பது வேறு விடயம். ஆனால் கரையில் தானாக ஒதுங்கியதும் இந்த மீனுக்கு ஆகாது. ஆற்று மணலை அரித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிப் போடுங்கள். இந்த மீன்கள் மணலை வாயால் அள்ளி, சல்லடை போலச் செவுள் வழியாக விட்டு இரை தேடுபவை. கூரான சல்லிக் கற்கள் வாயைக் கிழித்துவிடும்.

இனி, பிஎச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் எண்) குறைக்கும் மருந்து வாங்கி ஊற்றலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டாம். வன்னீரில் உள்ள இருகாபனேற்று அமிலத்தை விழுங்கிவிடும். இன்றைக்கு 7க்கு இறங்கின பிஎச் நாளைக் காலையில் மறுபடி 8இல் நிற்கும். நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். மீன் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் தண்ணீரில் தவிக்கும். நிலையாக இருக்கும் 7.8, ஆடிக்கொண்டிருக்கும் 6.5ஐ விட நல்லது என்பதை நான் பல தொட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மூன்று மீன்களையும் வன்மை ஒன்றே கொன்றிருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. வன்மை மெதுவாக வாட்டும். மூன்று கிழமைக்குள் வரிசையாகச் சாவது புதுத் தொட்டியின் அடையாளம். தொட்டி வைத்து எத்தனை நாளில் மீன் விட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று மாற்றும் பற்றீரியா பில்டரில் ஊறி வளர நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதற்கு முன் விட்ட மீன் தன் கழிவிலேயே நிற்கிறது. நம் ஊரில் இது இரட்டிப்பு ஆபத்து. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் நஞ்சு. பிஎச் 7இல், 25 பாகையில், மொத்தத்தில் 0.6 வீதம்தான் நஞ்சு வடிவம். பிஎச் 8இல், 30 பாகையில் அது 7 வீதத்தைத் தாண்டும். அதே அளவு அமோனியா, பன்னிரண்டு மடங்குக்கு மேல் நஞ்சு. கொழும்பில் ஒருவர் புதுத் தொட்டியில் மீனை விட்டுத் தப்பித்தார் என்றால், அதே வேலை உவர்மலைக் கிணற்றுத் தண்ணீரில் பலிக்காததற்கு இதுதான் கணக்கு. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஊறிய ஸ்பொஞ்ச் ஒன்றை வாங்கி உங்கள் பில்டரில் வைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும்.

சரி, மென்மையான தண்ணீருக்கு எங்கே போவது? ஆர்ஓ தண்ணீர், அதாவது நுண்சவ்வில் வடித்து உப்பு நீக்கிய தண்ணீர், நிரப்பிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, அதுவும் சரிதான். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை வானம் நமக்குக் கொட்டிக் கொடுக்கும் தண்ணீரை வெள்ளவாய்க்காலில் விட்டுவிட்டுப் போத்தலில் வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். என் வீட்டு ஓட்டுக் கூரையின் பீலியிலிருந்து இரண்டு நீலப் பிளாஸ்டிக் பரல்களுக்குக் குழாய் இழுத்திருக்கிறேன். பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையைப் பிடிப்பதில்லை. கூரையில் எட்டு மாதமாகச் சேர்ந்த தூசியும் காக்கை எச்சமும் கழுவுப்பட வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் அரை மணித்தியாலத்தை வெளியே விட்டுவிடுகிறேன். பரலின் வாயில் நுளம்பு நுழையாத வலை இரட்டையாகக் கட்டி, மேலே மூடி. ஒவ்வொன்றும் 200 லீற்றர்.

கணக்குப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லீற்றர் தண்ணீர். கிழமைக்குக் கால்வாசி மாற்றினால் 11 லீற்றர். வெறும் மழைநீரை ஊற்றக் கூடாது. அதில் இருகாபனேற்று இல்லாததால் பிஎச் திடீரென்று சரிந்துவிடும். மூன்று பங்கு மழைநீர், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர். 16 பாகைக் கிணறு அப்போது 4 பாகை ஆகிவிடும். ராம் மீனுக்கு அது தாராளம். கிழமைக்கு எட்டு லீற்றர் மழைநீர் என்றால், மாசியிலிருந்து புரட்டாதி வரை இரண்டு பரலும் ஒரு தொட்டியை ஓட்டிவிடும். இடையில் சித்திரையில் ஒரு பின்னேர இடிமழை பெய்தால் அது மேலதிக வரவு.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் கண்முன்னே வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும். கரைந்த உப்புகள் எல்லாம் உள்ளேயே நிற்கும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் வன்மை கூடிக்கொண்டே போகும். ஆவணி மாதத்தில் தொட்டியை அளந்துவிட்டு, கிணற்றை விட இதில் எப்படி வன்மை கூடினது என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். வற்றியதை ஈடுசெய்ய எப்போதும் மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

இனி மீன். மழைநீர் பிடிக்க வசதி இருந்தால் நீங்கள் ஆசைப்பட்ட நீல ராமையே வைத்திருக்கலாம், ஒரு தொட்டிக்கு ஒரு சோடி. வசதி இல்லை, கிணறும் குழாயும்தான் என்றால் என் தெரிவு கொக்கட்டு அப்பிஸ்டோ, அதாவது அப்பிஸ்டோகிராமா ககாட்டுவாய்டெஸ். அமேசன் ஆற்றின் பெரு நாட்டுப் பக்கத்து மீன். ஆண் எட்டு சென்ரிமீற்றர் வரும், முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் சேவல் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும், வாலில் செம்மஞ்சளும் கறுப்பும் தெறித்திருக்கும். பல தலைமுறையாகத் தொட்டியில் பெருகிய வகை என்பதால் நடுத்தர வன்மையைப் பொறுத்துக்கொள்ளும். நம் சூட்டில் 29 பாகை வரை என் தொட்டிகளில் எந்தக் குறையும் இல்லாமல் இருந்திருக்கிறது. ஓர் ஆணுக்கு இரண்டு பெண். இரண்டடித் தொட்டியில் அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக ஒரு குகை.

குகைக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டையைத் தும்பு போகச் சுரண்டி, தண்ணீர் நிறம் விடுவது குறையும்வரை இரண்டு மூன்று தடவை அவித்து, விளிம்பில் மூன்று சென்ரிமீற்றர் அளவில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். முட்டை போடும் நேரம் வந்தால் பெண்ணின் சாம்பல் நிறம் போய் எலுமிச்சை மஞ்சளாக மாறும். கன்னத்திலும் வயிற்றிலும் கறுப்புக் கோடுகள் மை பூசினாற்போல் தெரியும். ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லாத உடம்பு. என் தொட்டியில் ஒருத்தி, வாசலில் மணலை வாய் வாயாகக் கொண்டுவந்து கொட்டி, தன் தலை மட்டும் நுழையும் அளவுக்கு அடைத்ததை ஒரு மத்தியானம் முழுக்க இருந்து பார்த்திருக்கிறேன். முட்டை சிரட்டையின் உட்கூரையில் ஒட்டியிருக்கும். குஞ்சுகள் நீந்த வெளிக்கிட்டதும் அவள் வயிற்றுத் துடுப்பைச் சட்டென்று அசைப்பாள். அந்த நொடியே நாற்பது ஐம்பது குஞ்சுகளும் மணலோடு மணலாய் அசையாமல் படுத்துவிடும். அந்த நாட்களில் ஆணை அவள் கிட்டவும் அண்ட விடமாட்டாள். அவன் ஒதுங்க மறைவு இல்லாவிட்டால் காலையில் துடுப்புக் கிழிந்து கிடப்பான். ஆகவே நடுவில் வேர், கட்டை, செடி என்று பார்வையை மறைக்கும் ஏதாவது இருக்கட்டும்.

அப்பிஸ்டோகிராமா இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முதல் சில கிழமைகளின் வெப்பநிலையும் தீர்மானிக்கிறது என்பதை 1996இல் வெளியான ஆய்வு ஒன்று பல இனங்களில் காட்டியது: சூடு கூடினால் ஆண் கூடும். ஆடியில் என்னிடம் பொரித்த குஞ்சுகளில் பெண் கிடைப்பது அரிது, மார்கழிக் குஞ்சுகளில் தாராளம். பெருக்கும் எண்ணம் இருந்தால் வாடைக் காலத்தில் முயலுங்கள்.

"தொடக்கக்காரர் என்றால் பொலிவியன் ராம் வாங்குங்கள், அது உறுதியான மீன்" என்று பலரும் எழுதுவார்கள். குளிர் ஊர்க்காரருக்கு அது நல்ல ஆலோசனை. வன்மையை அது தாங்கும், ஆனால் விரும்புவது 22 முதல் 26 பாகை. தகரக் கூரையின் கீழ் 31, 32 வரை போகும் நம் கோடைத் தொட்டியில் அதை மாதக்கணக்கில் வைத்திருப்பது நியாயம் இல்லை. போரெல்லி அப்பிஸ்டோவும் அப்படியே. மேற்கு ஆபிரிக்கக் கிரிபென்சிஸ் என்ற சிக்லிட் நம்மிடம் நன்றாக வரும், பெண்ணின் வயிறு நாவற்பழச் சிவப்பாகும். ஆனால் முட்டையோடு இருக்கும் சோடி இரண்டடித் தொட்டியில் வேறு மீனை வாழவிடாது.

உங்கள் கிணறு உவர்க் கிணறாகவே இருந்தால், இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றைச் சொல்கிறேன். சிக்லிட் குடும்பம் முழுக்க வெளிநாட்டுக் குடும்பம் அல்ல. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான ஆரஞ்சு குரோமைட் அதே குடும்பம். சிங்களத்தில் கஹ கொரலியா என்பார்கள். களப்பிலும் கழிமுகத்திலும் குளத்திலும் வாழும். எட்டு சென்ரிமீற்றருக்குள் நிற்கும். வன்னீரும் கொஞ்சம் உப்பும் அதற்குச் சொந்த வீடு மாதிரி. கடையில் வரும் பொன்மஞ்சள் வகை வெளிச்சத்தில் மின்னும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் தோலில் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். மூன்றடித் தொட்டியும் ஐந்தாறு மீன் கொண்ட கூட்டமும் தேவை என்பதால் உங்கள் தொட்டிக்கு இப்போது பொருந்தாது. பெரிய தொட்டி வாங்கும் நாளில் நினைவில் வையுங்கள். இந்த மீனுக்கு இன்னும் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

கடையில் தெரிவு செய்வதைப் பற்றி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்றால் விசித்திரமாக இருக்கும், நீங்கள் கேட்டதே நிறமுள்ள மீனை. ஆனால் மூன்று சென்ரிமீற்றர் குஞ்சு, நெருக்கடியான கடைத் தொட்டியில், வளர்ந்த ஆணின் முழு நிறத்தோடு நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். நல்ல மீன் கடையில் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். வீட்டில் இரண்டு மாதத்தில் நிறம் எடுக்கும். சில பண்ணைகளில் ஓர்மோன் கலந்த தீனி கொடுத்து நிறம் ஏற்றுவது நடக்கிறது. பெண்ணும் ஆண் நிறம் காட்டும், பின்பு முட்டை போடாது. கண்ணால் பார்த்து இந்த மீனுக்கு ஓர்மோன் கொடுத்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. சோடி என்று தருவது சோடிதானா என்பதும் அப்படியே. சாதாரண நீல ராமில் பெண்ணின் வயிற்றில் இளஞ்சிவப்பு, உடலின் கறுப்புப் புள்ளிக்குள் நீலப் பொட்டுகள், ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்கதிர் நீளம் என்று பார்க்கலாம். எலக்ட்ரிக் புளூவில் உடல் முழுக்க நீலமாக இருப்பதால் அந்த அடையாளங்கள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். பலூன் ராம் என்று உருண்டையாக விற்பது முள்ளந்தண்டு குறுகிய மீன், அதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரரிடம் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து தின்பதை எடுங்கள். வயிறு ஒட்டியது, வெள்ளை நூல் போல மலம் தொங்குவது, ஒரு செவுளால் மட்டும் மூச்சு விடுவது, இவை எந்த விலைக்கும் வேண்டாம். வந்து இறங்கி ஒரு கிழமையாவது கடையில் நின்ற மீனாக இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். பைக்குள் மீன் விடும் காபனீரொட்சைட்டால் பிஎச் இறங்கி, சேரும் அமோனியா நஞ்சு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்து உங்கள் வன்னீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கத் தொடங்கினால் பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும், மீன் அதே தண்ணீரில் ஒரு மணித்தியாலம் நிற்கும். நீண்ட பயணத்துக்குப் பிறகு நான் செய்வது: மூடிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுவது. இதில் வளர்ப்பவர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. கடைத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் வன்மை வித்தியாசம் பெரிதாக இருந்தால் சொட்டுமுறைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு பிரச்சினைக்கும் ஒரே தீர்வு, கடைத் தண்ணீரின் வன்மையை முன்பே கேட்டு, மழைநீர் கலந்து அதற்குக் கிட்டவாகத் தொட்டியைத் தயார் பண்ணி வைப்பது.

சூட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒட்சிசன் குறையும். 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்பது 30இல் 7.6 ஆகிவிடும். ஆகவே காற்றால் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர்தான் நமக்குப் பொருத்தம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் என் பெரிய தொட்டியின் மூடிய கனிஸ்டர் பில்டருக்குள் பற்றீரியா செத்து அழுகியது. மின்சாரம் வந்தவுடன் அந்தக் கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டி, ஒரே இரவில் ஆறு கொக்கட்டு போய்விட்டன. ஸ்பொஞ்ச் வைத்திருந்த சின்னத் தொட்டிகளில் ஒன்றும் ஆகவில்லை. பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றை அலுமாரியில் வைத்திருங்கள். 30ஐத் தாண்டும் பகல்களில் மேசைக் காற்றாடியை நீர்ப்பரப்புக்கு நேரே திருப்பினால் இரண்டு பாகை குறையும். மார்கழி விடியற்காலையில் ராம் தொட்டிக்கு மட்டும் 50 வாற்று ஹீற்றர் ஒன்றை 27இல் வைத்திருக்கலாம்.

தீனிக்கு நுளம்புக் குடம்பியைவிட நல்லது இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மீனுக்கு அது உண்மை. ஆனால் 2017இல் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் வாளியில் தண்ணீர் வைத்துக் குடம்பி வளர்க்க மாட்டார்கள், சட்டமும் விடாது. ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைப் போத்தலில் ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டுக் காற்றடித்தால் நம் சூட்டில் ஒரு நாளில் பொரித்துவிடும். அதுவும் சின்னக் குருணைத் தீனியும் மாறி மாறி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு தடவை.

கப்பி சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கப்பி வன்னீர் மீன், ராம் மென்னீர் மீன். இரண்டையும் ஒரே தண்ணீரில் திருப்திப்படுத்த முடியாது. தனித்தனியாக வையுங்கள்.

கொட்டங்காய் மரத்துச் சருகு போட்டால் எல்லா நோயும் போகும் என்று சொல்கிறார்கள். காய்ந்து விழுந்த இலையைக் கழுவி நானும் போடுகிறேன். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகும், மீன் பயம் தெளிந்து நிறம் காட்டும், குஞ்சுகள் இலையில் படரும் நுண்ணுயிரைக் கொத்தும். அது வரை நான் கண்டது. மருந்து என்ற அளவுக்கு அதை நம்பி நோய்ப்பட்ட மீனை விட்டுவிடாதீர்கள், வன்னீரில் அது பிஎச்சைக் குறைப்பதும் மிகச் சொற்பம்.

இப்போது மூலையில் நிற்கும் அந்த ஒன்று. இன்றைக்கே புது மீன் எதுவும் சேர்க்காதீர்கள், துணை இல்லாமல் அது செத்துவிடாது. பவளமோ சிப்பியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து வீதம் தண்ணீரை, மழைநீரோ ஆர்ஓவோ பாதி கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து மெதுவாக மாற்றுங்கள். ஒரேயடியாக மென்னீருக்கு இழுத்தாலும் அது தாங்காது. கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனுக்கு வரும் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் புண் வைக்கும். தீனியைப் பாதியாக்குங்கள். மலம் கறுப்பாகவோ மண்ணிறமாகவோ வந்தால் நல்லது. வெள்ளை நூலாகத் தொங்கி, தீனியை வாயில் எடுத்துத் துப்பினால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் பயன்படும், ஆனால் அளவு தெரியாமல் வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கரைத்து ஊற்றாமல் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். செம்மஞ்சள் நூல் போல ஆசனவாயில் நீட்டிக்கொண்டிருந்தால் அது புழு, அதற்கு மருந்து வேறு. கேத்தலையும் மணலையும் பார்த்துவிட்டு, தொட்டி வைத்து எத்தனை நாள், மீன் எப்படி மூச்சு விடுகிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.